காலாவதி

எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர்:
ருஃபிஜி ஆற்றில் மூக்கை மட்டும் காட்டி
அமிழ்ந்து கிடக்கும் நீர்யானைக்கும்,
அதன் தோலை வாராய் அறுத்து
எண்ணெய் தடவி முறுக்கிய சவுக்குக்கும்.
கிபோக்கோ.
கரையில் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கத்தினால்
உட்டேட்டே சந்தையில் சில ஆண்களின் கை
தன்னால் பின்பக்கம் போகும்.

நான் ம்ஷாமு கிகோம்பா.
மாவட்டக் கச்சேரியில் இரண்டாம் எழுத்தன்.
மாதம் நாற்பது ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஜோடி செருப்பு.
அடிப்பது என் வேலையல்ல.
எண்ணுவது.

லண்டனிலிருந்து சுற்றறிக்கை வந்தது,
மழைக்கு முந்திய வாரம்,
படகில், சோப்புப் பெட்டிகளுக்கு அடியில்.
அடிகளின் எண்ணிக்கை அங்கே கவலை தருகிறதாம்.
இனித் தோல் சவுக்கு வேண்டாம், பிரம்பு.
பிரம்பு அரை அங்குலத்துக்கு மேல் பருமன் ஆகாது.
முதுகில் வேண்டாம், அதற்குக் கீழே,
மருந்துநீரில் நனைத்த துணி போர்த்தி,
மருத்துவர் கையெழுத்து வாங்கி.
காலாண்டுக்கொரு பட்டியல்:
பெயர், குலம், குற்றம், அடி, குறிப்பு.

துரை படித்துச் சிரித்தார்.
பிரம்பை என்னிடம் நீட்டி அளக்கச் சொன்னார்.
ஒரு நூல் கூடுதல்.
தச்சனைக் கூப்பிட்டுச் சீவினோம்.
சீவல் தரையில் சுருண்டு கிடந்தது.
அன்று மாலை மூன்று பேருக்கு எண்ணினேன்.
ஒரு நூல் குறைந்ததை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏழாம் பத்தியைத் துரை புரட்டவில்லை.
தீர்ப்பு நாளிலிருந்து ஆறு மாதம் கழிந்தால்
அடி காலாவதி.
திரியைத் தூண்டி
இன்னொரு முறை படித்தேன்.

மட்டிம்ப்வா, பருத்தி மூட்டை சுமக்க மறுத்தவன், எட்டு அடி.
அவன் தாளைக்
குடிசைவரிப் பேரேட்டுக்குள் செருகினேன்,
கறையான் ஏற்கெனவே வாசித்து முடித்த வருடத்துக்குள்.
மாதம் ஒருமுறை தோணியில் வரும் மஸ்கரேனஸ் டாக்டர்
‘கையெழுத்துக்கு ஏதாவது உண்டா?’ என்றார்.
இல்லை என்றேன்.
என்னைப் பார்த்தார். பேரேட்டைப் பார்த்தார்.
‘நல்லது, மையும் தீர்ந்துவிட்டது’ என்று
பேனாவை மூடினார்.
கண்ணாடிக் குப்பியில் மை கழுத்துவரை இருந்தது.

இப்படிப் பதினொரு தாள்கள்.
எல்லாவற்றையும் ஒளிக்கப் பேரேடு கொள்ளாது.
ஒளிக்காதவற்றை எண்ணினேன்,
சத்தமாக, முற்றம் முழுக்கக் கேட்கும்படி.

சிறையில் இடமில்லை.
சந்தை நாள்தோறும் வந்து முகம் காட்டு,
அக்கரைக்குப் போகாதே என்று
மட்டிம்ப்வாவை அனுப்பியிருந்தார்கள்.
வருவான். படியில் நின்று ஒன்றே கேட்பான்:
‘இன்றைக்கா?’
இல்லை.
அடுத்த சந்தை. ‘இன்றைக்கா?’
நெல் விதைக்கும் மாதம் வந்தது, போனது.
அவன் வயல் அக்கரையில்.
‘அடித்து அனுப்பிவிடு, உனக்குப் புண்ணியம்’ என்று
ஒருநாள் என் மேசைக்காலைப் பிடித்தான்.
காவலர் நின்றிருந்தார்.
நான் ஆணித்தலையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் முடிந்த மறுநாள்
அவனை மாமரத்தடிக்கு அழைத்துச் சொன்னேன்.
நன்றியை எதிர்பார்த்தேன், மறைப்பானேன்.
‘சந்தைக்குச் சந்தை இங்கே வாங்கினேனே’ என்றான்
நெஞ்சைத் தொட்டு,
‘அதை நீ எண்ணவில்லையா?’
செருப்பில்லாத காலோடு துறைக்கு நடந்தான்.
தோணிக்காரனோடு கூலிக்குப் பேரம் பேசும் குரல்
கொஞ்ச நேரம் கேட்டது.

அந்தக் காலாண்டில் எண்ணிக்கை இறங்கியது.
துரைக்கு மேலிடத்துப் பாராட்டு.
குறிப்பு என்ற கட்டத்தில்
‘காலாவதி’ என்று பதினொரு முறை எழுதியது
என் கையெழுத்து. யாரும் கேட்கவில்லை.

நேற்று இன்னொருவன்: செஃபு, பத்து அடி.
காவலர் சுருட்டுப் பற்றவைக்கத் திரும்பிய நேரம்
தாளை மடித்தபடி அவன் காதருகே சொன்னேன்:
ஆறு மாதம். ஒன்றும் ஆகாது.
இரவில் அக்கரைக்குப் போ, நெல்லை விதை,
விடியுமுன் திரும்பிவிடு.
வரப்பில் காவலுக்கு ஆள் வை,
கிபோக்கோ இருட்டில்தான் ஏறி வரும்.